கதவைச் சாத்தினது சரியா?

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்குப் படம் பார்க்கக் கிடைக்காது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகம்தான் கிடைக்கும். நீங்கள் பஸ் கண்டக்டராகவோ, ரேஷன் கடையிலோ, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற ஜன்னலிலோ வேலை பார்க்கிறவராக இருந்தால் நான் சொல்வது உடனே விளங்கும். நமக்குச் சம்பளம் ஒரு வேலைக்குத்தான். காது கொடுப்பது மட்டும் ஊர் முழுவதுக்கும்.

மயிலாடுதுறையில் எங்கள் தியேட்டரில் போன மழைக்காலத்தில் ஒரு பழைய சாகசப் படத்தின் இரண்டாம் பாகத்தைத் திரும்பப் போட்டார்கள். ஒரு வாரத்துக்கு மட்டும். முதல் பாகத்தில் இரண்டு நண்பர்கள் ஒரு சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டு உயிரோடு திரும்புவார்கள். இரண்டாம் பாகத்தில் அதே சுரங்கத்துக்குள் வெள்ளம் வரும். உள்ளே முப்பது பேர். அவர்களைக் காப்பாற்ற ஹீரோ இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவான். நண்பன் தண்ணீர் வருகிற பக்கம் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவான். தட்டிக்கொண்டே இருப்பான். பிறகு சத்தம் நின்றுவிடும். வாசலில் நிற்கிற எனக்குப் படம் தெரியாவிட்டாலும் அந்தத் தட்டுகிற சத்தம் ஒவ்வொரு காட்சியிலும் கேட்கும்.

பால் பாக்கெட்

முதல் நாள் காலைக் காட்சிக்குப் பழைய ரசிகர் மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். படம் முதலில் வந்த காலத்தில் பேனர் மேல் ஏறிப் பால் ஊற்றியவர்கள். இப்போது ஏறுவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கீழே நின்றபடியே ஒரு பாக்கெட்டைப் பல்லால் கடித்து, பேனரின் கால்மாட்டில் ஊற்றிக் கற்பூரம் கொளுத்தினார்கள். விசிலோடு உள்ளே போனவர்கள், வெளியே வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மன்றத் தலைவர் செல்வம் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். ஹீரோவை ஒரு வார்த்தை சொன்னால் கை நீட்டிவிடுவார். என்னிடம் வந்து, முதல் பாகத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும், இதை எழுதினவன் விளங்க மாட்டான் என்று திட்டித் தீர்த்தார். பிடிக்காத படத்துக்கு எதற்காகப் பால் பாக்கெட்டோடு வந்தீர்கள் என்று கேட்டேன். சட்டையில் இருந்த கற்பூரக் கரியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்தத் தடவையாவது கதவைத் திறந்துடுவாருன்னு ஒரு நப்பாசைதான்க்கா."

ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜோடி. திருப்பனந்தாளில் இருந்து வந்திருந்தார்கள். படம் முடிந்து அந்தப் பெண் விறுவிறுவென்று முன்னால் போனாள். பையன் பின்னால் ஓடினான். அவள் ஸ்கூட்டரில் ஏற மாட்டேன் என்று நின்றுகொண்டாள். ஸ்கூட்டர் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்தப் பையனிடம் என்ன தம்பி ஆச்சு என்று கேட்டேன். அழாத குறையாகச் சொன்னான்:

"நீ அந்தப் பக்கம் இருந்தா சாத்தவே மாட்டேன்னு சொன்னேங்க. அப்ப முப்பது பேரும் சாகட்டும்னு விட்டுடுவீங்களான்னு கேக்குறா."

படிக்கட்டு

ரோஸ்லின் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளோடு மேட்னிக்கு வந்தவர், கதவு சீன் முடிந்து அடுத்த சீன் ஓடும்போதே தனியாக எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

கொரோனா சமயத்தில் அவருக்கு வார்டு டியூட்டி. ஆக்ஸிஜன் கட்டில் ஒன்று காலியாகும், கேட்டு நிற்கிறவர்கள் பலர் இருப்பார்கள். யாருக்கு என்று டாக்டர் சொல்லுவார். இல்லை என்பதை மற்றவர்களிடம் போய்ச் சொல்வது ரோஸ்லின். அதில் ஒருவர் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாராம். பரவாயில்லம்மா என்று அவரே இவருக்கு ஆறுதல் சொன்னாராம். இதைக் கோயிலில் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் என்னிடம் அவர் சொன்னதில்லை. மகள் தேடிக்கொண்டு வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவன் சாத்தினது சரிதான் ஸ்டெல்லா. அடுத்த சீன்ல சிரிக்கிறான் பாரு, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை."

ஷட்டர்

கோவிந்தராஜ் சார் ரிட்டயர் ஆன லஸ்கர். ஆற்று மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. சண்டைப் படம் எது வந்தாலும் வந்துவிடுவார். அன்று படம் முடிந்து முதல் ஆளாக வெளியே வந்து, சுவரில் கையை ஊன்றி நின்றார். பின்னாலேயே வந்த கூட்டத்தில் இருந்து ஒருவர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு நேரே வந்தார். முருகையன். எதிர்க்கரைக் காலனியைச் சேர்ந்தவர். குத்தகைக்கு நடவு செய்கிறவர். பெரிய வெள்ளம் வந்த வருஷம், டவுன் பக்கத்துக் கரை உடையாமல் இருக்க வடிகால் ஷட்டரைத் திறந்தார்கள். தண்ணீர் காலனிக்குள் புகுந்தது. கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடப் போன முருகையனின் மனைவி திரும்பவில்லை.

"அன்னைக்குத் திறந்தது நீங்கதானே?" என்று கேட்டார் முருகையன். ஆமாம் என்றார் சார். மேலே இருந்து உத்தரவு வந்தது, திறக்காமல் இருந்தால் டவுனே போயிருக்கும் என்றார். "டவுன் போயிருக்கும். சரி. எப்பவும் எங்க பக்கத்து ஷட்டரைத்தானே திறக்கிறீங்க?" என்றார் முருகையன். சொன்ன கையோடு சாரின் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் நடுவில் போய் நின்று, "அண்ணே, வேண்டாம்ணே, வயசானவரு" என்று கையை எடுக்கப் பார்த்தேன். எடுக்க முடியவில்லை.

"அந்தப் படத்துல தட்டுறதாவது அவனுக்குக் கேட்டுச்சு. நாங்க கரையில நின்னு ஷட்டரை இறக்குங்கன்னு கத்தினோமே, அது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் முருகையன். மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். கோவிந்தராஜ் சார் அவரைப் பார்த்தே சொன்னார்:

"கேட்டுச்சு."

கடைசி நாள்

சட்டையை விட்டுவிட்டு முருகையன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

படத்தின் கடைசி நாள் மேட்னிக்கு முருகையன் மறுபடியும் வந்தார். டிக்கெட் எடுக்கவில்லை. கேட் ஓரமாக நின்று உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரைத் தேடுகிறீர்களா, அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை என்றேன். தலையாட்டினார். அடிக்க வந்தவர் முகமாக இல்லை அது. அவர் வந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்தத் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. அது நிற்கிற வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் தூங்கியிருப்பேன், அவரும் தூங்கியிருப்பாரும்மா."

மறுவாரம் ஒரு பேய்ப் படம் போட்டார்கள். ஆண்டவர் புண்ணியத்தில் அதைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இல்லை.