தண்ணீருக்குள் கிடந்த டச்சுப் படம்

தொண்ணூறுகளில் சூரிச்சில் ஒரு வயதான சுவிஸ் அம்மாவின் வீட்டைத் துப்புரவு செய்துவந்தேன். ஏலங்களில் பழைய டச்சு அச்சுப் படங்களை வாங்கிச் சேர்ப்பவர் அவர். "பக்கத்தில நிண்டு தும்மவும் கூடாது" என்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூசி தட்டுவேன்.

ஒரு காலை குளியலறைக்குப் போனேன். முதல் நாள் ஏலத்தில் அவர் வாங்கிவந்த காற்றாலைப் படம், பின்னால் ஒட்டியிருந்த காகித மட்டையோடு, ஒரு தட்டில் தண்ணீருக்குள் கிடந்தது. அம்மா மறதியில் போட்டுவிட்டார், பழி என்மேல்தான் விழும், வேலையும் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் விட்டு அள்ளப் போனேன்.

"ஹால்ட்! நில்லுங்கோ!" வாசலில் அம்மா நின்றார். "தூக்காதேங்கோ! நான்தான் ஊறப்போட்டனான். தண்ணிக்குள்ள இருந்தா ஒண்டும் ஆகாது. இழுத்தால்தான் கிழியும்."

விறைத்துப்போன என் உள்ளங்கைமேல் படம் கிடந்தது. அம்மா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளையும் விட்டார். பழைய பசை இளகி, மட்டை தானாக விலகியது. பிறகு படத்தைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாளுக்குள் ஒரு கிரீடம் தெரிந்தது. தாள் செய்தவர்களின் அடையாளமாம். படம் எந்தக் காலத்தில் அச்சிட்டது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம்.

வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன்ர அவசரத்துக்கு அதைப் பிழிஞ்சு கொடியிலயும் போட்டிருப்பாய்!"

"ஓம், போட்டிருப்பன்" என்றேன்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பாற்றப் போன கைகள்தான் அதைக் கிழிக்க இருந்தவை. நினைத்தால் இன்றும் உள்ளங்கை குளிர்கிறது.