கர்த்தர் திறந்த டிக்கிக் கதவு

சாமுவேல் அண்ணன், என் மகள் மூச்சுக்குத் தவித்ததற்கு நீங்கள்தான் காரணம். சபையார் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நான் பேராவூரணிக்காரி. கல்யாணமாகி கனடா போனேன். அங்கே குளிர்காலத்தில் கார்க் கதவும் பூட்டும் உறைந்துபோகும். எங்களுடையது பழைய கார், சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். கஷ்டம் தாங்காமல் நம் ஊர்ச் சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெபிக்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் நம் மூப்பர் சாமுவேல் அண்ணன் உடனே வாய்ஸ் அனுப்பினார்.

"ஏம்மா எஸ்தரு, இதுக்கெல்லாமா ஜெபம்? நம்ம மில்லு எண்ணெய ஊத்தும்மா. என் ஷட்டர் பூட்டு எப்புடி வழுக்குது தெரியுமா!"

மார்கழிக் குளிருக்கே நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்போம். அது எனக்கும் தெரியும். ஆனால் சொன்னது மூப்பராயிற்றே. ஊரிலிருந்து கொண்டுபோன எண்ணெயை நாலு கதவின் பூட்டிலும் ரப்பரிலும் பூசினேன். டிக்கிக்கு வரும்போது பாட்டில் காலி. பத்தவில்லையே என்று சலித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் மகள் ஜெனிக்கு வீசிங் வந்தது. இன்ஹேலர் காருக்குள் இருந்த பையில். கணவர் வேலைக்குப் போய்விட்டார். ஓடினேன். சாவி நுழையவே இல்லை. பூட்டுக்குள் எண்ணெய் மெழுகாக இறுகிக் கிடந்தது. நாலு கதவும் அப்படித்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ரோடெல்லாம் பனி, நேரமாகும் என்றார்கள். பனி அள்ளும் மண்வெட்டியால் கார்க் கண்ணாடியை அடித்தேன், வழுக்கியது. பிள்ளை மூச்சு இழுக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

பனியிலேயே முட்டி போட்டேன். "ஏதாவது ஒரு கதவத் திறங்கப்பா." அவ்வளவுதான் ஜெபம்.

எழுந்தபோது டிக்கி கண்ணில் பட்டது. எண்ணெய் படாத ஒரே பூட்டு. சாவி திரும்பியது. பின்சீட்டைச் சாய்த்து உள்ளே ஊர்ந்து போய்ப் பையை இழுத்தேன். ஜில்லென்று இருந்த இன்ஹேலரை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே ஓடினேன். பிள்ளை பிழைத்தாள். பாட்டிலைக் காலியாக்கியவர் கர்த்தர்!

இப்போது இன்ஹேலர் என் சட்டைப் பையை விட்டுப் போவதில்லை. கதவு ரப்பரை ஈரமில்லாமல் துடைத்து வைக்கிறேன். ஜெபிக்காமல் வாசல் தாண்டுவதில்லை. நீங்களும் கூப்பிடுங்கள். நாலு பக்கம் அடைத்தாலும் அவர் பின்பக்கம் திறப்பார்.

ஆனால் சாமுவேல் அண்ணன் என்ன சொன்னார்? நடந்ததைப் போனில் சொன்னபோது சிரித்தார். "விசுவாசத்தோட பூசியிருந்தா உறைஞ்சிருக்காதும்மா." அதோடு விட்டாரா? தாய் ஜெபிக்காத வீட்டில்தான் பிள்ளைக்கு இரைக்கும் என்று பெண்கள் கூட்டத்தில் என் பேரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார்.

மன்னித்துவிடு என்கிறார்கள். முடியாது. இதற்காகவே லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் ஜெனியோடு உட்கார்ந்திருப்பேன். அண்ணன், அதே மைக்கைப் பிடியுங்கள். உறைந்தது என் விசுவாசமா, உங்கள் எண்ணெயா? என் பிள்ளை முகத்தைப் பார்த்து, சபைக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.