மலை ஏறினால் கூடும் பெட்ரோல்

ஒரு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டிருந்த பழைய அம்பாசிடரின் டேஷ்போர்டை இன்று காலைதான் காரில் திரும்ப மாட்டினேன். மீட்டர் கண்ணாடியெல்லாம் பளபளத்தது, முள்ளுக்கெல்லாம் புதுச் சிவப்பு. ஒரு வயர்கூட மிச்சமாகவில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

வெள்ளோட்டமாக அடிவாரம் வரை போய்விட்டு, இருவரும் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டுக்குத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தோம்.

“ஏனுங்க, மலை ஏற ஏற பெட்ரோல் முள்ளும் ஏறுதுங்களே?”

“மேட்டுல டேங்குக்குள்ள பெட்ரோல் ஒரு பக்கமாச் சாயும். அதான்.”

“இஞ்சின் சூடு காட்டுற முள்ளு எறங்குதுங்களே?”

“மலைக்காத்து கண்ணு. குளுகுளுன்னு அடிக்குதில்ல.”

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பானெட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. இரண்டு மீட்டருக்கும் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இஞ்சின் ஆறும்வரை நின்றிருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன்.

மனைவி குனிந்து மீட்டரைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

“தண்ணி ஊத்துனதும் பெட்ரோல் கொறஞ்சிருச்சுங்க. அது எதனாலங்க?”

உங்களில் யாரிடமாவது விளக்கம் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் இருந்த இரண்டும் பாதி மலையிலேயே தீர்ந்துவிட்டன.