கட் பண்ணிடுங்க

எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ற வேலை. படுக்கிற ரூம்ல பாதி அவரோட கம்ப்யூட்டருக்குத்தான். நாள் முழுக்க 'கட்'டுங்கிற ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. கரண்ட் கட், கேக் கட், சம்பளத்துல கட், எல்லாமே கட்தான். எதைச் சொல்றாங்கன்னு நாமதான் புரிஞ்சுக்கணும்.

போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணோட அப்பா போன் பண்ணினார். "மேடையில எங்க அண்ணன் பேசுவார் பாருங்க, அந்த இடத்துல..."ன்னு ஆரம்பிச்சவருக்கு நடுவுல வேற போன் வந்துடுச்சு. "கட் பண்ணிடுங்க"ன்னார். போனைத்தான் சொன்னார். இந்த மனுஷன் அண்ணனோட மொத்தப் பேச்சையும் வழிச்சு எடுத்துட்டார்.

வீடியோவைப் பார்த்துட்டுப் பொண்ணோட அப்பா நேர்லயே வந்துட்டார். "அன்னிக்கு போன்ல, அண்ணன் பேரை வீடியோல கீழே போடச் சொல்ல வந்தேன். நீங்க ஆளையே காணாம அடிச்சுட்டீங்களே."

இவர் உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "திரும்பச் சேர்த்துடுறேன் சார்."

வந்தவர் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சேர்த்துத் தொலைக்காதீங்க. அண்ணன் கேட்டா, தப்பு உங்களோடதுன்னு மட்டும் சொல்லிடுங்க."