எங்கள் தலைவிக்கு ஒரு காணி

எங்கள் தலைவிக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் நான்தான். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு தையல்கடையின் முன்பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு, மூன்று பெண்கள் காணித் தரகு பார்த்தோம். ஒரு கதிரைக்குக் கால் ஆடும். அவள் எப்போதும் அதில்தான் போய் இருப்பாள். "ஆடுற கதிரையில இருக்கிறவதான் தலைவி" என்று ஒரு நாள் சொன்னேன். அன்றையிலிருந்து அவளுக்கு வேறு பெயரில்லை.

நான் இந்த மண்ணில் பிறந்தவள். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன் என்று சொல்வது வழக்கம். மூன்றாம் வகுப்பு வாத்தியாரைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார். மற்றவள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த வேதக்காரி, மீன்பிடிக் குடும்பம். அவளைக் கடல்காரி என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடியும்வரை அவளுக்குக் காணியும் கிடையாது, வீடும் கிடையாது. தலைவி தர்மபுரத்துக்காரி. தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, இங்கே காடு வெட்டியவர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். ஆனாலும் சிலருக்கு அவள் இன்னும் நேற்று வந்தவள்தான்.

பஸ் நிலையத்தடியில் நிற்கும் ஆண் புரோக்கர்மார் எங்களைக் கண்டால் இருமுவார்கள்.

"என்ன அம்மா, இண்டைக்கு மாநாடோ?"

"ஓம் தம்பி. உங்களுக்கு எந்தத் தொகுதி தாறது எண்டு கதைக்கிறம்" என்பேன்.

இருமினாலும் ஆட்கள் எங்களிடம்தான் வந்தார்கள். கரைப்பக்கச் சனம் கடல்காரியைத் தேடி வரும். வயது போன காணிக்காரர் என்னிடம் வருவார்கள், என் தகப்பனை அவர்களுக்குத் தெரியும். கைக்குழந்தையோடு வரும் இளம் குடும்பங்கள், கணவனில்லாத பெண்கள், வீடு வாடகைக்குக் கேட்டுப் போன இடமெல்லாம் முகம் சுளிக்கப்பட்டவர்கள், எல்லோரும் தலைவியிடம் போய் நிற்பார்கள். அவள் முதலில் காணியைப் பற்றிக் கேட்கமாட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், பக்கத்தில் உறவு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். மகளின் கலியாணத்துக்கென்று குடியிருந்த வளவை விற்க வந்த ஒரு விதவையை, பாதி வளவை மட்டும் விற்கச் சொல்லி அனுப்பினாள். எங்கள் தரகும் பாதியாகப் போனது. கடல்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்தக்கா நாளைக்கு எங்கே படுக்கிறது? உங்கட வள்ளத்திலயா?" என்று தலைவி கேட்டாள். கடல்காரியும் சிரித்துவிட்டாள்.

காணியின் குறையை முதலில் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. நானும் கீழ்ப்படிந்தேன். ஒரு முறை ஒரு ஐயாவிடம் வெள்ளம் வரும் இடத்தைச் சொன்னேன், பாம்புப் புற்றைச் சொன்னேன், பக்கத்து வளவுக்காரியின் வாயையும் சொன்னேன். ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

"குறையைச் சொல்லச் சொன்னன் அக்கா. செத்தவீடு சொல்லச் சொல்லேல்ல" என்றாள்.

இன்னொரு வழக்கத்தையும் அவள் விடவேயில்லை. எங்கள் பக்கத்தில் காணி கைமாறும்போது விற்பவர் வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு நான்கு எல்லையும் நடப்பார். அயல்வீட்டார் வேலிக்கு வந்து, ஓம், இதுதான் எல்லை என்பார்கள். இப்போது காணிக்காரரில் பாதிப்பேர் வெளிநாட்டில். மற்றப் புரோக்கர்மார் படம் எடுத்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். தலைவி காணிக்காரரைப் போனில் வீடியோவில் கூப்பிட்டு, அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, அவர்களை வேலியோரம் நடத்திக்கொண்டு போவாள். விற்கிறவர் அங்கேயிருந்து "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி" என்பார். வாங்குகிறவர் பின்னால் போவார். சிலர் நடுவழியில் அழுவார்கள். அப்போது அவள் போனைத் தன் முகத்துக்குத் திருப்பமாட்டாள். மரத்தையே காட்டிக்கொண்டு நிற்பாள்.

இத்தனை பேருக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதுவித்தவளுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை. தகப்பன் வெட்டிய காட்டுக்கு யாரோ உறுதியோடு வந்தார்கள். பிறகு வாடகை வீடு, அதற்குப் பிறகு இன்னொரு வாடகை வீடு. அவள் ஆசைப்பட்டதும் ஒரேயொரு காணிக்குத்தான். வாய்க்கால் பக்கத்தில், நல்ல தண்ணீர்க் கிணறோடு ஒரு சின்ன வளவு. சொந்தக்காரர் லண்டனில். அது விலைக்கு வந்த நாள் தலைவி அன்று வந்த ஆட்களுக்கெல்லாம் இரண்டு தரம் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

எல்லை நடக்க நானும் போனேன். லண்டன்காரர் கம்பளித் தொப்பியோடு போனில் தெரிந்தார்.

"அந்த மூலையில ஒரு பலா நிண்டதெல்லோ, பிள்ளை?"

"அடிக்கட்டை மட்டும்தான் இருக்கு ஐயா. இந்தாங்கோ, பக்கத்தில பூவரசு நல்லா வந்திருக்கு."

"கிணத்தைக் காட்டுங்கோ. வாளியை ஒருக்கா விடுங்கோ, சத்தம் கேக்கட்டும்."

அவள் போனை என்னிடம் தந்துவிட்டு வாளியை விட்டாள். தண்ணீரில் வாளி விழுந்த சத்தத்தில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மூக்கை உறிஞ்சினார். பிறகு கேட்டார்:

"வாங்கிற ஆக்கள் வரேல்லையோ?"

"நான்தான் ஐயா வாங்கப்போறன்."

"அப்பிடியோ. நீங்கள் எந்த இடம், பிள்ளை?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி ஊரைக் கேட்பதல்ல, சாதி சனத்தைக் கேட்பது. அவளுக்கும் அது தெரியும். தர்மபுரம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"அப்பா அம்மா மலைநாட்டுத் தோட்டத்தில இருந்து வந்தவங்க. நான் தர்மபுரம்" என்றாள்.

"நல்லது, நல்லது. பாப்பம்."

வன்னியில் யாராவது பாப்பம் என்றால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்து அவர் எனக்குப் போன் எடுத்தார். அவருடைய தாயும் நானும் ஒரே கிணற்றில் அள்ளியவர்கள்.

"அம்மா, எனக்கு ஒண்டுமில்லை. பக்கத்து வளவில எங்கட சித்தப்பா ஆக்கள் இருக்கினம். அவை ஒரு மாதிரி நினைப்பினம்."

"தம்பி, லண்டனில உங்களுக்குப் பக்கத்து வீட்டில ஆர்?"

"அது... ஒரு போலந்துக்காரன்."

"நீங்கள் வரேக்க அவன்ர சித்தப்பா ஆக்கள் ஒண்டும் நினைக்கேல்லையோ?"

போன் அறுந்தது. அந்த நேரம் எனக்குப் பெரிய வெற்றி போல இருந்தது. என்ன பயன், காணி கிடைக்கவில்லை.

நான் விடவில்லை. தையல்கடைக்குப் பின்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "என்ர பேரில வாங்குவம். பிறகு உனக்கு மாத்தி எழுதித் தாறன். அந்த ஆளுக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்கு மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும். அழுகை வந்தாலும் அப்படித்தான்.

"வேணாங்க்கா. ஒளிஞ்சுகிட்டுப் போய்க் குடியிருக்கவா நான் இவ்வளவு நாளும் ஆசப்பட்டேன்? அந்த வீட்டுல இருந்து நான் எப்படி வாசல் கூட்டுறது?"

கொஞ்ச நாளில் ஒரு வாத்தியார் குடும்பம் அந்த வளவைக் கேட்டு வந்தது. வேறு யாராவது காட்டட்டும் என்று கடல்காரி சொன்னாள். தலைவி கேட்கவில்லை. போனை உயர்த்திப் பிடித்து, நான்கு எல்லையும் நடந்து, மாரியில் கிழக்கு மூலையில் தண்ணீர் நிற்கும் என்று குறையையும் சொன்னாள். கிணற்றடியில் வாத்தியாரின் மனைவிக்குக் கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று கல்லைத் தொட்டுக் காட்டினாள். லண்டன்காரர் போனில் "தாங்ஸ் பிள்ளை" என்றார். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன்.

அடுத்த மாரிக்கு முன் வவுனியாப் பக்கம், பூவரசங்குளத்தில், அவளுடைய சின்னம்மாவின் அயலில் ஒரு காணி கிடைத்தது. விற்றவர் எந்த இடம் என்று கேட்கவில்லையாம். எப்போது குடிவருகிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டாராம். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சாமான் லொறியில் ஏறும்போது கடல்காரி அவளுக்குச் சிலுவை போட்டுவிட்டாள். நான் திருநீறு பூசினேன். "ரெண்டு பக்கத்துக்கும் சொல்லியாச்சு, இனி ஆர் வேண்டுமெண்டாலும் பாக்கட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர். ஆட்கள் வருகிறார்கள், நாங்களும் காணி காட்டுகிறோம். ஆனால் ஒரு குடும்பம் வந்து நின்றால் முதலில் என்ன கேட்பது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறோம். கடல்காரி சாப்பிட்டீங்களோ என்று கேட்டால், அது மீன் விற்கிற தொனியில் வருகிறது. நான் கேட்டால் பகிடி என்று நினைக்கிறார்கள்.

போன பங்குனியில் வாய்க்கால் பக்கத்திலேயே இன்னொரு வளவு விலைக்கு வந்தது. விற்கிறவள் ஒரு டீச்சர், தலைவியைத் தெரிந்தவள். "அவாவுக்கெண்டால் சந்தோசமாத் தருவன்" என்றாள். நான் கடல்காரியிடமும் சொல்லாமல் வவுனியா பஸ் ஏறினேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கேயுள்ளதை விற்கலாம், இங்கே வாங்கலாம், திரும்பி வரலாம்.

அவள் வாசலிலேயே கட்டிப்பிடித்தாள். புதுச்சீமெந்து மணம் இன்னும் போகவில்லை. குசினியைக் காட்டினாள், கத்தரிக் கன்றுகளைக் காட்டினாள். "என்ர வீட்டில முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்றாள். என்ர வீடு என்று சொல்லும்போது அவளுடைய தோள் நிமிர்ந்ததை நான் கண்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஒழுங்கையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி முக்காடு போட்ட முஸ்லிம் பெண், மற்றவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. காணி எல்லை பார்க்க வேண்டுமாம். "அக்கா, கொஞ்சம் இருங்கோ, இந்தா வந்திடுவன்" என்று கையைக் கழுவிக்கொண்டு போனாள். பின்னேரம்தான் வந்தாள். முகமெல்லாம் வெயில், சந்தோசம்.

பஸ் வரும்வரை றோட்டில் என்னோடு நின்றாள்.

"என்ன அக்கா, வந்ததில இருந்து ஒரு பகிடியும் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமப் போறீங்கள்."

"உன்ர சொதியில உப்புக் கூட. அதைத்தான் சொல்ல வந்தனான்."

"இதுக்கே கிளிநொச்சியில இருந்து வந்தனீங்கள்?"

"பின்னே? குறையை முதல் சொல்ல வேணுமெண்டு ஆர் சொன்னது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் கையாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சைக்கிள்காரர் நிறுத்தி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பி, கையை நீட்டி வழி காட்டத் தொடங்கினாள்.

டீச்சரிடம் என்ன சொல்வது என்று கிளிநொச்சி வரும்வரை யோசித்தேன். அடுத்த நாள் காலையில், அந்த வளவை வேறு ஆட்களுக்குக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன்.