நின்றே பதில் சொன்ன குற்றம்

இந்த நாட்டில் நான் உட்காரும்வரை பஸ் நகராது. கைத்தடியோடு ஏறுகிறேன், டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வேலைக்குப் போகிற சனமெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கிறது. நான் ஒரு சீட்டில் முதுகைச் சாய்த்த பிறகுதான் வண்டி கிளம்புகிறது. முதல் தடவை எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "யூ கோ, யூ கோ" என்று கையை ஆட்டினேன். நான் இறங்கப் பார்க்கிறேன் என்று நினைத்து அந்த மனுசன் கதவைத் திறந்துவிட்டார்! நம் ஊரில், பலாங்கொடையிலிருந்து ஓப்பநாயக்க வருகிற பஸ்ஸில் ஒரு காலை ஃபுட்போர்டிலும் மற்றக் காலைக் காற்றிலும் வைத்துக்கொண்டு வந்தவன் நான். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தாயா என்று யார் கேட்டார்கள்?

நிரோஷா, தினேஷ், இதை உங்கள் ரெண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற பெரியப்பா பிள்ளைகளும், நம்மைப் போல இங்கே வந்து சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் மட்டுமே படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே பாண் சுடுகிற பேக்டரியில் தட்டு அடுக்கிய வண்டி சரிந்து என் இடது காலும் இடுப்பும் நசுங்கிய பிறகு, ஊனமுற்றவர்களுக்குக் கொடுக்கிற உதவிப்பணம் கேட்டு எழுதிப் போட்டோம் அல்லவா? கிடையாது என்று வந்த கடிதத்தை நிரோஷாதான் எனக்கு வாசித்துச் சொன்னாள். நேர்காணல் முழுவதும் இவர் நின்றபடியே பேசினார், சிரமம் எதுவும் தெரியவில்லை என்று அதில் இருந்தது. வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, ரொம்ப நேரம் நிக்க முடியாதுன்னு நாமதானே எழுதிக் குடுத்தோம். அப்ப நாம பொய்யா எழுதினோம்?" அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

நான் நின்றது உண்மை. நேர்காணல் செய்த அம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கதிரையும் இருந்தது. விருப்பமென்றால் உட்காருங்கள் என்றார். என் விருப்பத்தை எந்த ஆபீசில் கேட்டிருக்கிறார்கள், மகள்? அது அவருடைய மரியாதை, உட்காராமல் இருப்பது என்னுடைய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கைத்தடியைக்கூட உள்ளே கொண்டு போகவில்லை. பெரியவர்களுக்கு முன்னால் தடியோடு நிற்கலாமா என்று கதவுக்கு வெளியிலேயே சாய்த்து வைத்துவிட்டேன். "ஆர் யூ ஓகே?" என்று மூன்று தடவை கேட்டார். "ஓகே மேடம், ஓகே" என்று மூன்று தடவையும் சிரித்தேன். கதிரையின் முதுகை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தேன். சட்டைக்குள்ளே வியர்வை ஓடியது. அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன் என்ற நினைப்போடுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஊரில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நமக்கென்று கதிரை கிடையாது, ஜன்னல்தான் உண்டு. செருப்பைப் படியிலே கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது உங்கள் தாத்தாவுக்குக் கத்தி வழுக்கிக் காலில் இறங்கிவிட்டது. நானும் அதே மலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நாளைக்கு லேசான வேலை கேட்கலாம் என்று அவரைத் தோளில் தாங்கி ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். ஜன்னல் கண்ணில் பட்டதுமே, "விடுடா கைய" என்றார். இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நின்றார். கட்டின துணியில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, காலு எப்படி?" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த கிளாக்கர்.

"பரவாயில்லைங்க ஐயா."

"அப்ப நாளைக்கு மலைக்கு வந்துரு."

திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகையும் கோபமும். "லேசு வேலை கேக்கத்தானேப்பா போனோம்! எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொன்னா செக்ரோல் புக்குல பேர வெட்டி வேலைய நிறுத்திருவாங்கடா. பொறவு நாம குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் திருப்பிக் கேப்பாங்க. நிக்கிறவனுக்குத்தான் காம்பரா."

நம் சனம் அப்படி நின்றுதான் வீட்டைக் காப்பாற்றியது. வலி இல்லாமல் நின்றோம் என்று யார் சொன்னது? வலியோடு நின்றோம். அந்த நிற்பைத்தான் இங்கே எனக்கு எதிராக எழுதிவிட்டார்கள். அதனால்தான் மேன்முறையீடு. வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை.

பேப்பர் தயார் பண்ண இலவசமாக உதவுகிற வெள்ளைக்கார அம்மா ஒருவர், போனில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, "உங்களுடைய மிக மோசமான நாளைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். கொழும்பு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா செத்த செய்தி வந்தது, மழையில் இரத்தினபுரிக்கு முன்னாலேயே பாதை மூடியிருந்தது, நான் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வருத்தம். ஆனால் நான் கேட்டது உங்கள் காலைப் பற்றி" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, கக்கூசிலிருந்து எழும்ப முடியாமல் உங்கள் அம்மா என்னைத் தூக்கிவிட்ட நாளைச் சொன்னேன். அப்பா செத்ததைச் சொல்வதைவிட அதைச் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. கூட்டி ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் இனிமேல் குறைத்தும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நேற்றுச் சமைக்கிற குசினியில் எங்களுக்கு விசாரணை ஒத்திகை நடந்தது. உங்கள் அம்மாதான் நீதவான். மேசைக்கு அந்தப் பக்கம் அகப்பையோடு உட்கார்ந்துகொண்டாள். நான் கதவைத் திறந்து வந்து நின்றேன்.

"என்னங்க நிக்கிறீங்க? காலையில ஆள் எண்ணுற பெரட்டுக் களமா இது?"

"நீ உக்காரச் சொல்லலியே, சாந்தி."

"சொல்ல மாட்டேன். கதிரை யாருக்குப் போட்டிருக்கு? எனக்கா? சரி, காலு எப்படி?"

"பரவாயில்ல."

அகப்பையால் மேசையில் ஓங்கித் தட்டினாள். "கேஸ் தள்ளுபடி! அடுத்த ஆளைக் கூப்பிடு!"

ஐந்து தடவை என் கேஸ் தள்ளுபடியானது. ஆறாவது தடவை உள்ளே வந்தேன், கேட்காமல் கதிரையை இழுத்தேன், உட்கார்ந்தேன், தடியை மேசை மேலேயே வைத்தேன். காலு எப்படி என்றாள். "வலிக்குது" என்றேன். நாற்பத்தாறு வயதில், ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அகப்பை தட்டவில்லை. உங்கள் அம்மா அதை மேசையில் மெல்ல வைத்தாள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள், சிரித்துவிட்டாள். என் செருப்பு இரண்டும் குசினி வாசலுக்கு வெளியே சேர்ந்து கிடந்தன. ஆறு தடவையும் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"அங்கயும் இப்படித்தான் வாசல்ல விட்டுட்டுப் போவீங்களா?"

"போவேன். வீங்கின காலுக்கு எப்படியும் சப்பாத்து ஏறாது. அவங்க காலைப் பார்க்கட்டும்."

பொய் எழுதவில்லை, மகள். செவ்வாய்க்கிழமை யாரும் சொல்லாமலே உட்காருவேன். முதுகு இந்த நாட்டுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருக்கும். மேசைக்கு அடியில் கால் இரண்டும் வெறுங்காலாக, தோட்டத்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மாதிரியே நிற்கும். என் முதுகையும் காலையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர்கள் தீர்ப்பு எழுத வேண்டும்.