எங்கள் வீட்டு வோல்டேஜ்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளில், மாமா துபாயிலிருந்து வீடியோ கேம் கொண்டுவந்தபோது எனக்குப் பத்து வயது. தச்சநல்லூர் வீட்டில் அண்ணனும் நானும் தரையில் உட்கார்ந்து குங்ஃபூ சண்டை ஆடுவோம். அண்ணனுடைய ஆள் தோற்று விழப்போகும் நேரம் பார்த்து, ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

“ஏட்டி, வோல்டேஜ் ஏறி எறங்குது. நான் என்ன செய்ய?” என்பான்.

கோடை விடுமுறை முழுக்க அதை நம்பினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், எங்கள் தெருக் கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லைன்மேனிடம் போய்க் கத்தினேன். “ஒங்களாலதான் நான் ஒரு தடவகூட ஜெயிக்கல!”

அவர் கோபப்படவில்லை. இறங்கி வந்து, நான் மறுபடி ஆட உட்கார்ந்ததும், எங்களுக்குப் பின்னால் வாசலில் நின்று பார்த்தார். அண்ணன் கவனிக்கவில்லை. நான் ஜெயிக்கப்போகும் நேரம், ஆட்டம் முதலுக்குப் போனது.

“பாப்பா, கரண்டுல கோளாறுன்னா டி.வி.யும் ஃபேனும்லா நிக்கணும்? ஒங்க அண்ணன் காலப் பாரு.”

வீடியோ கேம் பெட்டியின் ரீசெட் பொத்தான்மேல் அவன் கால் கட்டைவிரல் இருந்தது. பெட்டியை அணைக்காமலே ஆட்டத்தை முதலுக்குக் கொண்டுபோகும் பொத்தான் அது.

அண்ணனின் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. வெளியே ஓடினால், லைன்மேன் போய்விட்டிருந்தார். அந்த மனிதரிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

இப்போதும் ஏதாவது அலுவலகத்தில், “சிஸ்டம் அப்படி மேடம், நான் என்ன செய்ய?” என்று யாராவது சொன்னால், நான் குனிந்து மேஜைக்கு அடியில் அவர் காலைத்தான் பார்க்கிறேன்.